இரவல் வெள்ளை

மாதத்தின் முதல் ஞாயிறு என்றால் திருவிருந்து. அன்றைக்கு அப்பமும் திராட்சை ரசமும் வாங்குகிறவர்கள் வெள்ளை உடுத்தித்தான் வரவேண்டும். மாத்தளைப் பக்கம் எல்கடுவைக்கு மேலே, தேயிலை மலையின் இடுப்பில் ஒட்டிக்கொண்டிருந்த அந்தச் சின்னச் சபையின் சட்டம் அது. வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை ஹம்சிகாவுடையது.

சபைக்கென்று சொந்தக் கட்டடம் கிடையாது. தோட்டத்தின் பழைய பிள்ளைக்காம்பராதான் சபை. கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போக வேறு இடம் கட்டியபிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெபம் நடத்திக்கொள்ளத் தோட்டத்து மேனேஜர் தொரை வாய்வார்த்தையாக அனுமதி கொடுத்திருந்தார். சுவரில் இன்னும் யானையும் வாத்தும் மங்கலாகத் தெரிந்தன.

வெள்ளைச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் பாஸ்டர் சசிக்குமார். அதற்கு ஒரு நியாயம் இருந்தது. குவைத்துக்குப் போன ஒரு பெண் தன் அம்மாவுக்கும் தங்கைகளுக்கும் கல் பதித்த சேலைகளாக அனுப்பிக்கொண்டிருந்தாள். அவர்கள் முன்வரிசையில் ஜொலித்துக்கொண்டு உட்கார, சாயம் போனதைக் கட்டியவர்கள் பின்னுக்கு நகர்ந்தார்கள். நகர்ந்து நகர்ந்து சிலர் வாசலுக்கு வெளியே போய், அப்படியே வராமலும் போனார்கள். "எல்லாரும் வெள்ளையில வாங்க. பரலோகத்துல யாருக்கும் கல்லு வச்ச சேலை கெடையாது" என்றார் பாஸ்டர். அடுத்த மாதமே போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள்.

அதனால் சட்டத்தில் தப்பில்லை என்று ஹம்சிகா நம்பினாள். நம்புவதற்கு முன் அவள் வழக்கப்படி இரண்டு பக்கமும் யோசித்தும் பார்த்திருந்தாள். பகலில் கடைவீதியில் ஒரு மருந்துக்கடையில் வேலை, மாலையில் சிங்கள வகுப்பு. வகுப்பில் ஒரு பதிலை எழுதி, அழித்து, யோசித்து, கடைசியில் அதே பதிலை மறுபடி எழுதுகிறவள் அவள். பின்வரிசைக்கு நகர்ந்தவர்களில் அவளும் ஒருத்தி. வெள்ளை வந்தபிறகுதான் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அந்த வாசலில் ஒரு திருவிருந்து ஞாயிறன்று மாம்பழ நிறச் சேலையில் வந்து நின்றாள் வேலம்மா.

வேலம்மா தொங்கல் காம்பராக்காரி. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்தின் கடைசி அறையில் அவளும் புருஷன் இருளாண்டியும் மட்டும். பிள்ளை இல்லை. பாரிசவாதம் வந்து இருளாண்டியின் வலது பக்கம் செத்துக் கிடந்தது. ஹம்சிகாவின் அம்மா வீடு தேடிப்போய் ஜெபிக்க ஆரம்பித்து, அந்த வழியில் வேலம்மா சபைக்கு வந்தவள். இரண்டு மாதத்துக்கு முன் ரிவர்ஸ்டன் பக்கத்து ஓடையில், லயத்துக்குத் தெரியாமல் ஞானஸ்நானமும் எடுத்திருந்தாள்.

"வெள்ளை இல்லியாக்கா?" என்றாள் ஹம்சிகா.

"நல்லாக் கேட்ட போ. கட்டுன புருசன் கட்டில்ல கெடக்கறாரு. நான் வெள்ளையக் கட்டிக்கிட்டு லயத்து வாசல்ல எறங்குனா சும்மா விடுவாங்களா? என் கொழுந்தன் மகேஸ்வரன் என்னய உசிரோட கொளுத்திருவான்."

"இன்னிக்கு வெள்ளை இல்லாட்டி அப்பம் குடுக்க மாட்டாங்கக்கா."

"தெரியும் பாப்பா. ஒருதரம் கேட்டுப் பாக்கலாம்னுதான் வந்தேன். அத வாங்கி வாயில போட்டுக்கிட்டு அவருக்காகக் கேக்கணும்னு இருக்கு. ஞானஸ்நானம் எடுத்தும் இன்னும் பந்திக்கு வராத விருந்தாளியாட்டம் இருக்கேனே."

ஹம்சிகா அவளைப் பின்பெஞ்சில் உட்காரவைத்தாள். ஆட்கள் வரிசையாக எழுந்து முன்னே போய் அப்பம் வாங்கி, வேலம்மாவைத் தாண்டித் திரும்பி வந்தார்கள். அவள் தன்னை அறியாமல் பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்ததை ஹம்சிகா வாசலிலிருந்து பார்த்தாள்.

ஆராதனை முடிந்ததும் பாஸ்டரிடம் போய்ச் சொன்னாள். அவர் கோபக்காரர் இல்லை. பொறுமையாகக் கேட்டார்.

"ஒருத்தருக்காக வளைச்சா நாளைக்கு எல்லாரும் காரணத்தோட வருவாங்க தங்கச்சி. வெள்ளைக்கு எதுக்குப் பயப்படணும்? என் வய்ஃப் வெள்ளையிலதான் கல்யாணம் முடிச்சாங்க."

அவர் மாத்தளை டவுனில் மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம். வெள்ளை என்றால் அவருக்குக் கல்யாணம், ஞாயிறு, ஈஸ்டர். லயத்தில் வெள்ளை என்றால் ஒன்றே ஒன்றுதான். புருஷன் செத்தவளுக்கு அவள் பிறந்த வீட்டார் கொண்டுவந்து போடுகிற கோடிச் சேலை. ஹம்சிகாவுக்கு இரண்டும் தெரியும். ஆனால் சின்ன வயதிலேயே அம்மாவோடு சபைக்கு வந்துவிட்டதால், இரண்டாவது அவளுக்குத் தெரிந்த விஷயமாக மட்டும் இருந்தது.

பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். அவளிடம் இரண்டு வெள்ளைச் சேலை உண்டு. ஒன்றை வேலம்மாவுக்காகச் சபைக்கே கொண்டுவந்து வைத்துவிடுவது. வேலம்மா லயத்திலிருந்து கலர்ச் சேலையோடு புறப்பட்டு வரட்டும். முன்பு பிள்ளைகளின் பால்மாவு டின்கள் அடுக்கிவைத்திருந்த பின்னறையில் மாற்றிக்கொள்ளட்டும். முடிந்ததும் மறுபடி மாற்றிக்கொண்டு போகட்டும். வழியில் யார் பார்ப்பார்கள், பின்னறைக்கு ஜன்னல் உண்டா, பை எந்த நிறத்தில் இருந்தால் சந்தேகம் வராது என்றெல்லாம் யோசித்தாள். பாஸ்டரிடம் கேட்டாள். "அது நல்ல யோசனைதானே" என்றார். வேலம்மாவிடம் சொன்னபோது அவள் ஹம்சிகாவின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

"படிச்ச புள்ளைன்னா சும்மாவா! எனக்கு இந்த ரோசன வரலியே."

ஹம்சிகாவுக்குப் பெருமையாக இருந்தது. எதையும் இரண்டு தரம் சந்தேகப்படுகிறவள் இதை ஒரு தரம்கூடச் சந்தேகப்படவில்லை.

அடுத்த திருவிருந்து ஞாயிறு பனியும் தூறலுமாக விடிந்தது. வேலம்மா அதே மாம்பழ நிறச் சேலையில், நெற்றியில் வட்டமாகக் குங்குமத்தோடு வந்தாள். பிள்ளைக்காம்பராவுக்குப் பின்னால் மலையிலிருந்து தண்ணீர் கொட்டுகிற பீலி ஒன்று உண்டு. சபைக்கு வரும்போதெல்லாம் அங்கே குனிந்து பொட்டைக் கழுவிவிட்டு வருவது அவள் வழக்கம். போகும்போது இடுப்பில் முடிந்த குங்குமத்தை எடுத்து மறுபடி வைத்துக்கொள்வாள்.

அன்றைக்குக் கையில் தண்ணீரைப் பிடித்தவள் அப்படியே நின்றாள்.

"என்னக்கா?"

"இல்ல பாப்பா. வர்றப்ப பொட்டு கோணலா இருக்காம். பக்கத்துல வான்னு கையக் காட்டுனாரு. போனா, அந்த நல்ல கையால, எடது கையால, அவரே சரி பண்ணி விட்டாரு. எத்தன காலத்துக்கு அப்புறம்! எங்க போறன்னு கேக்கல. தெரியும்னுதான் நெனக்கிறேன். இத அழிக்கவே மனசு வரல பாரு."

"திரும்பிப் போறப்ப வச்சுக்கலாங்க்கா."

"அது நான் வச்ச பொட்டாத்தான இருக்கும்?" என்று சிரித்தாள் வேலம்மா. சிரித்துக்கொண்டே கழுவிவிட்டாள்.

பின்னறையில் ஹம்சிகா கொசுவம் பிடித்துவிட்டாள். வெள்ளையில் வேலம்மா வேறு ஆளாகத் தெரிந்தாள். கழுத்துத் தாலியை ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டாள். பாஸ்டர் தாலியைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை என்றாலும் அவளுக்கு ஒரு கூச்சம். மாம்பழ நிறச் சேலையை மடித்துப் பச்சைப் பையில் வைத்து, ஹம்சிகா அதை வாசலில் தன் காலடியில் வைத்துக்கொண்டாள்.

திருவிருந்து தொடங்கியது. ஆட்கள் எழுந்து முன்னே போய் மண்டியிட்டார்கள். வேலம்மா போகும்போது வாசலைத் திரும்பிப் பார்த்தாள். ஹம்சிகா போங்க என்று தலையசைத்தாள்.

அந்த நேரத்தில் மேட்டுப் பாதையில் யாரோ வேகமாக ஏறிவரும் சத்தம். மகேஸ்வரன். இருளாண்டியின் தம்பி, தொழிற்சங்கத் தலைவர், தொரை ஆபீஸுக்குள் செருப்போடு போகக்கூடிய ஒரே ஆள். அன்றைக்குச் செருப்பே இல்லாமல் வந்தார். சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார்.

"மதினிய வரச் சொல்லு புள்ள. அண்ணன் போயிருச்சு."

ஹம்சிகா வாசலை மறித்தபடியே நின்றாள். அவர் அவள் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தார்.

வேலம்மா அப்பத்தை வாயில் வாங்கிக்கொண்டு எழுந்து திரும்பிக்கொண்டிருந்தாள். வெள்ளைச் சேலை. வெறும் நெற்றி. பூ இல்லை. கழுத்தில் எதுவும் தெரியவில்லை.

மகேஸ்வரன் முகத்தில் முதலில் வந்தது கோபம் இல்லை, குழப்பம்தான்.

"நான்தான சேதி கொண்டு வர்றேன்? எனக்கு முந்தி இவளுக்கு யாரு சொன்னா?"

ஹம்சிகா பதில் சொல்லியிருக்கலாம். அப்போதே, அந்த இடத்திலேயே, இது என் சேலை மாமா, நான்தான் கட்டிவிட்டேன் என்று ஒரு மூச்சில் சொல்லியிருக்கலாம். எந்த வார்த்தையில் தொடங்குவது என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். அதற்குள் அவருக்கு விளங்கிவிட்டது. யாரும் சொல்லவில்லை, சொல்வதற்கு முன்பே இவள் கட்டியிருக்கிறாள் என்று விளங்கிவிட்டது. முகம் இறுகியது.

"அடிப் பாவி" என்றார். கத்தவில்லை. "அங்க மூச்சு இழுத்துக்கிட்டுக் கெடந்தாரு. இங்க நீ தாலியறுத்துக்கிட்டு நிக்கிறியா?"

வேலம்மா அப்பத்தை விழுங்கினாள். விழுங்கிவிட்டுத்தான் ஓடினாள்.

ஹம்சிகா பச்சைப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடப் புறப்பட்டாள். பாஸ்டர் வந்து அவள் கையைப் பிடித்தார்.

"தங்கச்சி, அங்க போய் வாயத் தொறந்திராத. எடம் தோட்டத்தோடது. தலைவர் ஒரு வார்த்த சொன்னா தொரை நாளைக்கே பூட்டிருவாரு. இத்தன பேரு எங்க போவாங்க? யோசிச்சுப் பாரு."

யோசித்துப் பார் என்று அவளிடம் சொன்னால் போதும். அவள் யோசிப்பாள்.

பாதை தேயிலைக்குள் வளைந்து வளைந்து இறங்கியது. "அக்கா, ஒரு நிமிசம் நில்லுங்க! அந்தக் கொய்யா மரத்துக்கிட்ட மாத்திக்கலாம்! அக்கா!" ஹம்சிகா கத்தினாள். வேலம்மா ஒரே ஒரு தரம் திரும்பினாள். "செத்துப் போயிட்டாருடி" என்றாள். மறுபடி ஓடினாள். வெள்ளை முந்தானை தேயிலைச் செடிகளில் சிக்கிச் சிக்கி விடுபட்டது.

லயத்தில் ஒப்பாரி தொடங்கியிருந்தது. வேலம்மா வாசலில் காலெடுத்து வைத்ததும் அது நின்றது. ஒருத்தி நிறுத்தினாள், பிறகு மற்றவள், பிறகு எல்லோரும். ஓட்டிலிருந்து சொட்டும் தண்ணீர் மட்டும் கேட்டது.

மகேஸ்வரனின் மனைவிதான் முதலில் பேசினாள். "வந்துட்டா பாருங்கடி. கோடிக்கு அண்ணன்மாரக் கூடக் காத்திருக்கல மகராசி. கையோட கட்டிக்கிட்டே வந்துட்டா."

"அடியே, சபைக்குப் போனேன்டி, அங்க கட்டுறது" என்றாள் வேலம்மா. மூச்சு வாங்கியது. "என்னய உள்ள விடுங்க. அவரப் பாக்கணும்."

"காலைல போறப்ப மாம்பழக் கலர்ல போன. நான் பாத்தேன். ஒளிச்சு வச்சுக் கட்டுறதுக்கு அதென்ன சாமி?"

ஒளித்தது உண்மை. லயத்துக்குப் பயந்து ஒளித்ததுதான் இப்போது அவளைக் காட்டிக்கொடுத்தது. நேராகவே வெள்ளை கட்டிப் போயிருந்தால் திட்டோடு முடிந்திருக்குமோ என்று ஹம்சிகா நினைத்தாள். வாசலோரச் சாக்கடைக் கான் பக்கத்தில் பையை மார்போடு அணைத்தபடி நின்றாள். பாஸ்டரின் வார்த்தை ஒரு பக்கம், வேலம்மாவின் முதுகு ஒரு பக்கம். அவள் வாயைத் திறக்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் ஹம்சிகா வேலம்மாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சேலை மாற்றிவிட்டாள். மாம்பழ நிறத்தில் போனதும் உள்ளே விட்டார்கள். ஆனால் பிணத்தின் தலைமாட்டில் யாரும் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. கால்மாட்டில், கதவோரமாக உட்கார்ந்தாள்.

மறுநாள் எடுப்பதற்கு நேரம் குறித்திருந்தார்கள். அந்த லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. தூக்குவதற்கு முன், பொண்டாட்டிக்காரியைக் குளிக்கவைத்து, இருப்பதில் நல்ல கலர்ச் சேலை கட்டி, தலை நிறையப் பூவும் நெற்றி நிறையப் பொட்டும் கை நிறைய வளையலுமாகப் புருஷன் தலைமாட்டில் உட்காரவைப்பார்கள். கடைசியாக ஒரு தரம் அவன் பொண்டாட்டி. அதன்பிறகுதான் எல்லாவற்றையும் எடுப்பார்கள், பிறந்த வீட்டார் கோடி போடுவார்கள். வேண்டாத வழக்கம் என்று பாஸ்டர் பிரசங்கத்தில் சொல்வார். ஹம்சிகாவும் அப்படித்தான் நினைத்திருந்தாள். ஆனால் வேலம்மா காலையிலிருந்தே எதற்காகக் காத்திருந்தாள் என்பது அவள் கண்ணைப் பார்த்தால் தெரிந்தது. பூக்காரி வந்தபோது அவள் கூந்தலை அவிழ்த்துக் கோதத் தொடங்கினாள்.

"யாருக்குப் பூ?" என்றாள் மகேஸ்வரனின் மனைவி. "வெள்ளை கட்டுனவளுக்கு எதுக்குத் திரும்பப் பூ? எல்லாத்தையும் நேத்தே எறக்கி வச்சுட்டுத்தான வந்த?"

நாவுலயிலிருந்து வேலம்மாவின் அண்ணன் வந்திருந்தார். வெங்காயத் தோட்டத்தில் கூலி. கக்கத்தில் துணிக்கடைப் பை, அதற்குள் கோடி. வரும் வழியிலேயே யாரோ கதையைச் சொல்லிவிட்டார்கள். அவர் தங்கையின் முகத்தைப் பார்க்காமல் மகேஸ்வரனைப் பார்த்தார்.

"நான் போடவா வேணாமா, நீங்களே சொல்லுங்க."

"அது உங்க இஷ்டம்" என்றார் மகேஸ்வரன். "உங்க தங்கச்சி உங்களுக்குச் செலவு வைக்கலியே."

அண்ணன் பையைத் திரும்பக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் ஹம்சிகா கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனாள். அம்மா இழுத்த கை நழுவியது. இரவெல்லாம் அடுக்கிவைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றுகூட வரவில்லை.

"அது என் சேலை" என்றாள். "நான்தான் குடுத்தேன். நான்தான் கட்டிவிட்டேன். வெள்ளை இல்லாட்டி அப்பம் குடுக்கமாட்டோம்னு வாசல்ல நிப்பாட்டுனதும் நான்தான். அக்கா வேணாம்னுதான் சொன்னாங்க. பொட்டையும் நான்தான் அழிக்கச் சொன்னேன். அத இருளாண்டி மாமா வச்சு விட்டாரு, எடது கையால. அத..."

மகேஸ்வரன் அவளைப் பார்த்தார். திட்டுவார், அறைவார், சபையைப் பூட்டுவேன் என்பார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் குரலில் களைப்புதான் இருந்தது.

"யாரு சேலையா இருந்தா என்ன புள்ள? கட்டுனது யாரு உடம்புல? நீ நேத்து வாசல்ல நின்னியே, நான் கேட்டேனே. அப்ப சொல்லியிருந்தா நானே துண்டப் போட்டு மூடிக் கூட்டியாந்திருப்பேன். ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது. இப்ப நூறு கண்ணு பாத்துருச்சு. நூறு கண்ண நான் எதப் போட்டு மூட?"

பறை அடித்தார்கள். இருளாண்டியைத் தூக்கினார்கள். வேலம்மா அவிழ்த்த கூந்தலோடு, பூ இல்லாமல், பொட்டு இல்லாமல், மாம்பழ நிறச் சேலையில் கதவோரம் நின்றாள். பொண்டாட்டியாகவும் இல்லை, தாலியறுத்தவளாகவும் இல்லை. அண்ணன் மயானத்திலிருந்து அப்படியே நாவுல பஸ்ஸுக்குப் போய்விட்டார், கக்கத்துப் பையோடு.

சபையைப் பற்றி மகேஸ்வரன் தொரையிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கடைசிவரைக்கும் சொல்லவில்லை.

அடுத்த முதல் ஞாயிறு வந்தது. ஹம்சிகா வகுப்புக்குப் போடுகிற நீலச் சுரிதாரோடு வந்தாள். முக்காடு இல்லாதவர்களுக்காக வாசலில் வைத்திருக்கும் துணிக் கூடையைப் பாஸ்டரின் கையில் கொடுத்தாள்.

"வெள்ளை இல்லியா தங்கச்சி?"

"இருந்தது. ஒண்ணக் கட்ட மனசில்ல. இன்னொண்ணு வேலம்மாக்காகிட்ட. நான் வெளிய நிக்கிறேன் பாஸ்டர்."

அவர் ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் பாதையில் வேலம்மா வந்தாள். லயத்திலிருந்தே வெள்ளை கட்டி வந்திருந்தாள். பை இல்லை, ஒளிப்பு இல்லை. பாஸ்டரின் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா சிஸ்டர், இப்ப ஒரு பயமும் இல்ல. வாங்க, வாங்க" என்று கதவை அகலத் திறந்துவிட்டு உள்ளே போனார்.

வேலம்மா ஹம்சிகாவின் முன்னால் நின்றாள். சேலையின் கரையில் ஹம்சிகாவின் அம்மா போட்ட தையல் தெரிந்தது.

"துவைச்சுத் திருப்பிக் குடுக்கலாம்னுதான் பாப்பா வச்சிருந்தேன். எனக்கு யாரும் கோடி போடல. கலர் கட்டவும் விடமாட்டேங்கறாங்க. வேற வெள்ளை எங்கிட்ட ஏது?"

"வச்சுக்கங்கக்கா" என்றாள் ஹம்சிகா.

"இப்ப சரியாத்தான இருக்கேன்? உள்ள விடுவாங்கள்ல?"

கேலியா கேள்வியா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பதிலுக்கு அவள் காத்திருக்கவும் இல்லை. பழக்கத்தில் கால்கள் பிள்ளைக்காம்பராவைச் சுற்றிப் பின்பக்கம் போயின. பீலியில் குனிந்தாள். ஒரு கை தண்ணீரைப் பிடித்து நெற்றிக்குக் கொண்டுபோனாள். அங்கே கழுவுவதற்கு ஒன்றும் இல்லை என்பது விரல் பட்டபிறகுதான் தெரிந்தது. கையை நெற்றியில் வைத்தபடியே நின்றாள். உள்ளே பாட்டுத் தொடங்கிவிட்டது. தண்ணீர் முழங்கை வழியாக இறங்கி, இரவல் வெள்ளையை நனைத்துக்கொண்டிருந்தது.